கரண்டு போனால் விழும் கொழு

எங்கள் பட்டறையில் கரண்டு வந்த சேதியை ரம்பம்தான் சொல்லும்.

ஜவ்வாது மலைக்கு அப்போதுதான் மின்சாரம் வந்திருந்தது. கம்பி காட்டு வழியாக ஏறி வரும். காற்றடித்தால் எங்காவது ஒரு கிளை விழும், கரண்டு போகும். எப்போது திரும்ப வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. மரம் அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால், என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பலகையை அப்படியே மேசைமேல் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். சுவிட்சை இறக்க மாட்டார்கள். இறக்கிவிட்டால் கரண்டு வந்தது எப்படித் தெரியும்? ஏற்றியே வைத்திருந்தால், கரண்டு வந்த நிமிஷம் ரம்பம் தானாகச் சுற்றத் தொடங்கும். அந்தக் கிறீச்சென்ற சத்தம் டீக்கடைவரை கேட்கும். இருவரும் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அதைப் பெரிய சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

நான் அடிவாரத்துச் சந்தவாசல் பக்கத்தவள். அவர்களும் கீழேயிருந்து மேலே போனவர்கள்தாம். மலைக்காரர்களுக்குக் கலப்பை, கதவு, ஜன்னல் செய்துகொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு வேலையும் வரும். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. நடுவில் கதவு கிடையாது, ஒரு கோணித் திரைதான்.

கணவரின் அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம். மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி நின்று பேசக் கூடாது. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் வேறு யாரிடமோ சொல்வதுபோல அவர் காதில் விழச் சொல்ல வேண்டும். மகள் பிறக்கும்வரை நான் பூனையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “பூனையே, சோறு ஆறுது, வரச் சொல்லு.” மகள் பிறந்த பிறகு பூனைக்கு அந்த வேலை போயிற்று. மூத்தாருக்குக் குடும்பம் இல்லை. எங்களோடுதான் சாப்பாடு. என் மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாகாது.

அவள் சாப்பிட அடம்பிடிப்பாள். மூத்தார் அவளைத் தூக்கிக்கொண்டுபோய், நின்றிருக்கும் ரம்பத்தின் எதிரில் வைத்துக்கொள்வார். வட்டமான பிளேடு வெயிலில் வெள்ளையாக மின்னும்.

“தோ பாரு நிலா. பகல்லயே வந்துட்ச்சி. வாயத் தொற.”

அவள் வாயைத் திறப்பாள். நான் உருண்டையை வைப்பேன். சோறு உள்ளே போனால் போதும் என்று இருந்தேன். படித்தவள், யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, மழைக்காலத்தில் ஒரு நாள் காலையிலேயே கரண்டு போய்விட்டது. ஆண்கள் டீக்கடையில். நான் பின்னால் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். முறத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால் சொப்பு இருக்கிறது, அவள் இல்லை.

ஒரு மரத்துண்டின்மேல் ஏறி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் பிளேடின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். “நிலா” என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

நான் கத்தவில்லை. கத்தினால் பயந்து முன்னால் சாய்ந்துவிடுவாளோ என்று பயம். போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளே கொண்டுவந்து மடியில் உட்காரவைத்து, கையில் ஒட்டியிருந்த மரத்தூளை முந்தானையால் துடைத்தேன். ஒரு கையைத் துடைத்து முடித்தேன். மற்றக் கையைப் பிடித்தபோது ரம்பம் ஓடத் தொடங்கியது.

அந்தக் கையை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் சுவிட்சின் கைப்பிடியை இறக்கினேன். ஆண்கள் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

“வந்துட்ச்சி இல்ல? இன்னாத்துக்கு எறக்குனே?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பாப்பா பிளேடு மேல கை வெச்சிட்டு நின்னா. நான் தூக்கிட்டு வந்தேன். கை தொடச்சி முடிக்கல, அதுக்குள்ள ஓடுது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. மகளின் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மூத்தார் என்னைப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னார்:

“இன்னாடா இது, வூட்ல ஒத்தப் புள்ள. அத்தப் பாத்துக்கறத வுட இன்னா பெரிய வேல?”

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மைதானே என்று ஒரு வாரம் நினைத்தேன். வேறு ஒருத்தியாக இருந்தால் முறத்தைப் பார்த்திருக்க மாட்டாள், பிள்ளையைப் பார்த்திருப்பாள். பழைய புடவையால் மகளைத் தூணில் கட்டிப் பார்த்தேன். கட்டினால் மூச்சு நிற்கிற மாதிரி அழுதாள், அவிழ்த்துவிட்டேன். திரைக்குப் பதில் தட்டி வைத்தோம். நீள மரத்தைத் தள்ள இடைஞ்சல் என்று அதை எடுத்துவிட்டார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், கரண்டு போனால் சுவிட்சை இறக்கிவிட்டுப் போங்கள் என்று. சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் இறக்கினார்கள். மூன்றாம் நாள் பட்டறையில் யாரும் இல்லை, கைப்பிடி மேலேயே இருந்தது.

ஆண்கள் டீ குடித்துவிட்டு வந்ததும் மகளிடம் சொன்னேன்: “பாப்பா, சுவிட்சு ஏறியே கீதுன்னு பெரியப்பாகிட்ட சொல்லு.”

“பாப்பா, பெரியப்பாவுக்கு வயசாயிட்ச்சி, மறந்துட்ச்சின்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்றார் மூத்தார். சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

அன்றுதான் முடிவு செய்தேன். மனிதர்கள் மறப்பார்கள். மறக்கத் தெரியாத ஒன்று அந்தச் சுவரில் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில், ஆணியில் செம்புக் கம்பியைச் சுற்றிப் பேட்டரியில் இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். கரண்டு இருக்கும்வரை ஆணி காந்தம், போனால் வெறும் ஆணி. பரீட்சைக்கு எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன், மறந்துவிட்டேன். இப்போது நினைத்தால் எனக்கு வேண்டியது அதுதான். கரண்டு இருக்கும்வரை எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். போனால் விட்டுவிட வேண்டும்.

பட்டறை மூலையில் ஒரு பழைய ஸ்டார்ட்டர் பெட்டி கிடந்தது. மோட்டாரோடு வந்தது. உள்ளே பித்தளை எல்லாம் கருகிவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆண்கள் இருவரும் கீல் வாங்கச் செங்கம் இறங்கிய நாளில் அதைத் திறந்தேன். பித்தளைதான் கருகியிருந்தது. கம்பி சுற்றிய காயிலும் அதன் நடுவில் இருந்த இரும்பும் நன்றாகவே இருந்தன. அவற்றை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொடலாமா, தொட்டால் வீடு எரியுமா, எரிந்தால் யார் பதில் சொல்வது என்று எத்தனையோ யோசனை. என் வீட்டுக்காரர் திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

“இன்னா பண்ற?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா திருப்புளிய எடுத்தே?”

ஒரு பலகையில் பென்சிலால் வரைந்து காட்டினேன். சுவரில் ஒரு மரக்கை, ஏற்றமரம் மாதிரி நடுவில் ஓர் ஆணியில் ஆடும். அதன் நீளமான முனையில் ஓர் இரும்புத் தட்டு. அந்தத் தட்டு கீழே இருக்கும் காயிலின்மேல் உட்காரும். குட்டையான முனையில் ஒரு பாரம், வளையத்தில் மாட்டித் தொங்கும். பாரத்திலிருந்து ஒரு கயிறு சுவிட்சின் கைப்பிடிக்குப் போகும். கரண்டு இருந்தால் காயில் தட்டைப் பிடித்துக்கொள்ளும், மரக்கை ஆடாது. கரண்டு போனால் பிடி விடும், குட்டை முனை கீழே சாயும், வளையம் நழுவும், பாரம் விழும், விழுகிற வேகத்தில் கைப்பிடியை இழுத்துக்கொண்டு போகும். கரண்டு திரும்பி வந்தாலும் கைப்பிடி கீழேதான் இருக்கும், யாராவது வந்து ஏற்றும்வரை.

அவர் நெடுநேரம் பலகையைப் பார்த்தார்.

“கையி கருவேலத்துல பண்ணணும். வேற மரம்னா ஆணி ஓட்ட தேஞ்சிடும்” என்றார். மறுநாளே செய்துகொடுத்தார்.

பாரத்துக்கு நான் எடுத்தது கலப்பைக் கொழு, மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனை. மலைக்காரர்கள் புதுக் கொழு போட வரும்போது தேய்ந்ததை விட்டுவிட்டுப் போவார்கள். மூன்றைச் சேர்த்துக் கட்டினேன். கைப்பிடி பாதி இறங்கி நின்றது. நான்காவதையும் கட்டி, கைப்பிடியின் மூட்டுக்குப் புங்க எண்ணெய் விட்டேன். முழுதாக இறங்கியது.

முதல் தடவை நான் தப்பாகத்தான் இணைத்தேன். கரண்டு பாயாமல் இருக்கப் பீஸ் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, காயிலின் கம்பிகளைச் சுவிட்சுக்கு முன்னால், கரண்டு உள்ளே வரும் பக்கத்தில் மாட்டினேன். வேலை செய்தது. கரண்டு போனது, கொழு விழுந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரை மணியில் கரண்டு வந்தது. ரம்பம் அசையவில்லை. ஆனால் சிறிது நேரத்தில் ஒரு நாற்றம். காயில் தொட முடியாத சூடு. வீடு எரியும் என்று பயந்தது சரிதானோ என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன்.

“வுட்ரு” என்றார் என் வீட்டுக்காரர். “இதெல்லாம் கம்பெனிக்காரன் பண்ற வேல.”

விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. மறுநாள் விடிந்ததும் திரும்பவும் மாட்டிக் கையை வைத்துப் பார்த்தேன். தட்டு ஒட்டியிருக்கும்போது காயில் வெதுவெதுப்புதான். தட்டு விலகியிருக்கும்போதுதான் கொதிக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது, பாடத்தில் அது இல்லை. ஆனால் ஏன் என்று தெரியாவிட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. தட்டு விலகியிருக்கும்போது காயிலுக்குக் கரண்டே போகக் கூடாது. கம்பிகளைச் சுவிட்சுக்குப் பின்னால், மோட்டார் பக்கத்தில் மாற்றினேன். கைப்பிடி இறங்கினால் காயிலும் அணைந்துவிடும். அதற்குப் பிறகு சூடு இல்லை. அப்படியும் நாளுக்கு இருபது தடவை போய்த் தொட்டுப் பார்ப்பேன்.

சுவரில் கயிற்றில் தொங்கும் கொழுக்களைப் பார்த்து வந்தவர் எல்லாம் சிரித்தார்கள். கலப்பை வாங்க வந்த மலைக்காரர் ஒருவர், “இன்னா ஆசாரி, உங்க மிஷினு கயித்துல நாண்டுக்கிச்சா?” என்றார்.

“நாங்க நாண்டுக்காம இருக்கத்தாண்ணா அது தொங்குது” என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து. அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். மூத்தார் சிரிக்கவில்லை.

அவருக்கு அது பேஜார். ஒவ்வொரு தடவை மிஷினை நிறுத்தினாலும் கொழு விழும். திரும்ப ஓட்ட வேண்டுமென்றால் வளையத்தை மாட்டி, மரக்கையை அழுத்திப் பிடித்து, கைப்பிடியை ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் ஒரு கை போதும்.

“பாப்பா, இப்ப கரண்டு வந்தா பெரியப்பாவுக்கு எப்டித் தெரியும்? கொழு வந்து டீக்கடைல கூப்புடுமா?”

“பாப்பா, டீக்கடைல ரேடியோ கீதில்ல? அது பாடுனா கரண்டு வந்துட்ச்சின்னு பெரியப்பாகிட்ட சொல்லு.”

அந்த ரேடியோ அவர் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே, பலகையில் இருந்தது. அத்தனை நாளாக அது அவர் தலைக்கு மேலே தானாகப் பாடத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அவர்கள் காது கொடுத்தது ரம்பத்துக்குத்தான். என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம்தான் தொல்லை. எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டால் ஓல்டேஜ் இறங்கும். ஒரு நாள் பெஞ்சுப் பலகை பாதி அறுத்திருக்கும்போது காயில் பிடியை விட்டுவிட்டது. கொழு விழுந்தது, பிளேடு பலகைக்குள் மாட்டி நின்றது.

“லைட்டு எரியுதுடா! கரண்டு கீது! இது பாட்டுக்கு வுழுந்தா இன்னா அர்த்தம்?”

“பாப்பா, லைட்டு எப்டி எரியுதுன்னு பெரியப்பாவ பாக்கச் சொல்லு. எலந்தப்பழம் மாதிரி கீது. இதுல ஓட்டுனா மோட்டாரு கருகிடும்.”

அவர் பலகையைப் பிளேடிலிருந்து பிடுங்கி எடுத்தார். எனக்குத்தான் உறுத்தியது. அவர் வேலையில் நான் கை வைத்துவிட்டேனோ, பலகை வீணானதற்கு நான்தான் காரணமோ என்று. மறுநாள் சமாதானமாக இருக்கட்டும் என்று அவருக்குப் பிடித்த களியும் கருவாட்டுக் குழம்பும் செய்தேன். சாப்பிட்டார். ஒரு கவளம் மகளுக்கும் ஊட்டினார்.

இரண்டு நாள் கழித்து முற்பகலில் கரண்டு போனது. ரம்பத்தின் இரைச்சல் இறங்கி நின்றது. கொழு விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். விழவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். பட்டறையில் யாரும் இல்லை. கைப்பிடி மேலே. மரக்கையையும் காயிலையும் சேர்த்துச் சணல் கயிற்றால் இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. தச்சன் போட்ட முடிச்சு, விரலால் அவிழ்க்க முடியாது. மகள் வாசலில் மரத்தூளைக் குவித்துச் சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

கைப்பிடியை இறக்கினேன். இரண்டு பீஸ் கட்டைகளையும் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். மகளைத் தூக்கிக்கொண்டு ரம்ப மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

டீக்கடையில் ரேடியோ பாடியது. இருவரும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் சுவிட்சை ஏற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“பீஸ் கட்ட எங்க?”

“எங்கிட்ட கீது.”

“குடு. நாளைக்கு பெஞ்சு குடுக்கணும்.”

“குடுக்கலாம். அந்த முடிச்ச அவுத்துட்டு குடுக்கலாம்.”

அவர் சுவரைப் பார்த்தார். முடிச்சு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. மூத்தார் தம்பியிடம் சொன்னார்:

“கட்டனது நாந்தான். பொம்பள பேச்சக் கேட்டு மிஷினு ஓட்டறியா நீ? வாங்குடா கட்டைய.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவர் வாங்கவும் இல்லை, வாங்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. மகளிடம் சொல்வதற்கு நான் வாயைத் திறந்தேன். அவள் தோளில் சாய்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். இவளுக்காகப் பேசும் பேச்சை இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“மாமா,” என்றேன். நேராக, மூத்தார் முகத்தைப் பார்த்து. “அத நிலான்னு இவளுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க. இல்லன்னு நான் சொல்லிப் பாத்துட்டேன், இவ கேக்கல. நிலாவ தொடத்தான் போவா. நீங்க கட்டுன முடிச்ச நீங்களே அவுருங்க. அதுவரிக்கும் இந்த வூட்ல மிஷினு ஓடாது.”

அவர் என்னை அடித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். அவர் மேசைமேல் இருந்த உளியை எடுத்தார். சுவர்ப்பக்கம் போனார். மூன்று முடிச்சையும் அறுத்தார். உளியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பீஸ் கட்டைகளை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். என் கை வேர்த்திருந்ததால் அவற்றைத் துடைத்துத்தான் மாட்டினார்.

மூத்தார் பத்து நாள் மகளைத் தூக்கவில்லை. அவள் காலைக் கட்டிக்கொண்டால் மெல்ல விலக்கிவிட்டுப் போவார். நிலாவைச் சொல்லியிருக்கக் கூடாது. முடிச்சை மட்டும் பேசியிருக்கலாம். அவர் ஆசையாகச் செய்ததை அவர் முகத்திலேயே எறிந்துவிட்டேன். இப்போது என் மகள் இரண்டாம் வகுப்புப் போகிறாள், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த முடிச்சு அவிழாமல் பீஸ் கட்டையைக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகு ஒரு மதியம். உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்பினேன், தொம்மென்று கொழு விழுந்த சத்தம். கரண்டு போய்விட்டது. கொழு விழுந்துவிட்டது, பயமில்லை, நான் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஓடினேன். மகள் மரத்துண்டின்மேல் ஏறி, பிளேடின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

தூக்கிக்கொண்டேன். உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். நான் செய்ததை நானே நம்பவில்லை. நம்ப வேண்டுமென்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும். உலை பொங்கி அடுப்பை அணைக்கும் வாடை வந்தது. போகவில்லை. மகள் கீழே இறங்கத் துள்ளினாள். விடவில்லை. எவ்வளவு நேரமோ. பிறகு டீக்கடையில் ரேடியோ பாடத் தொடங்கியது.

பிளேடையே பார்த்தேன். ஒரு பல்லும் அசையவில்லை.

மூத்தார்தான் முதலில் வந்தார். பிளேடுக்கு முன்னால் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மகளின் கன்னத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை. அதையும் பார்த்தார், பிளேடையும் பார்த்தார். பிறகு சுவரருகே போய், கொழுவைத் தூக்கி வளையத்தை மாட்டினார். மரக்கையை அழுத்திப் பிடித்தார். மற்றக் கையைக் கைப்பிடியில் வைத்தார். ஏற்றவில்லை.

“புள்ளைய உள்ள தூக்கினு போம்மா” என்றார். என்னிடம்தான் சொன்னார்.

“போறேன். நான் உள்ள போய் குரல் குடுக்கறேன். அப்புறம் ஏத்துங்க.”

“சரி.”

அவர் இரண்டு கையாலும் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாகத்தான் நடந்தேன்.